வங்கியிடம் கணக்குக் கேட்பது: வன்னியிலிருந்து நான்கு கேள்விகள்

வங்கி நம்மிடம் கேட்காத கேள்வி இல்லை. அடையாள அட்டை எங்கே, காணி யார் பெயரில், கணவர் எங்கே, பிணை வைக்க அரசாங்க உத்தியோகத்தர் இருவர் இருக்கிறார்களா என்றெல்லாம் கேட்கும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மீள்குடியேறிய ஒவ்வொரு குடும்பமும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லிக் களைத்திருக்கிறது. ஆனால் நாம் வங்கியிடம் ஒரு கேள்வி கேட்கலாம் என்ற நினைப்பே பெரும்பாலும் நமக்கு வருவதில்லை. வீதி ஏன் போடவில்லை, வீட்டுத்திட்டப் பெயர்ப்பட்டியலில் ஏன் என் பெயர் இல்லை என்று பிரதேச செயலகத்துக்கு எழுதுகிறவர்கள்கூட வங்கி என்றதும் நின்றுவிடுகிறார்கள். "அது பேங்க் விசயம், நாங்க கேக்கேலா" என்பதுதான் வழக்கமான பதில்.

கேட்க ஏலும். அதற்கென்றே சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டம் வங்கிக் கொள்கை என்ற இடத்தில் எவ்வளவு தூரம் போகும், எங்கே நிற்கும், வன்னி முஸ்லிம்களாகிய நாம் அதை வைத்து எதைக் கேட்கலாம் என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

சட்டமும் அதன் எல்லையும்

2015 ஆம் ஆண்டின் 19 ஆவது திருத்தம் தகவலறியும் உரிமையை அரசியலமைப்பின் 14அ உறுப்புரையாகச் சேர்த்தது. அதாவது பேச்சுச் சுதந்திரம் எந்த அத்தியாயத்தில் இருக்கிறதோ அதே அத்தியாயத்தில் இதுவும் ஓர் அடிப்படை உரிமை. அதைச் செயற்படுத்த வந்ததுதான் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். 2017 பெப்ரவரி 3 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

இந்தச் சட்டம் பகிரங்க அதிகாரசபைகளுக்குப் பொருந்தும். அமைச்சுகள், திணைக்களங்கள், மாகாண, உள்ளூராட்சி நிறுவனங்கள், எழுத்துச் சட்டத்தால் உருவாக்கப்பட்ட சபைகள், அரசு 25 வீதமோ அதற்கு மேலோ பங்கு வைத்திருக்கும் கம்பனிகள் எல்லாம் அதில் அடங்கும். ஆகவே இலங்கை மத்திய வங்கி உள்ளே வரும். 1961 ஆம் ஆண்டின் 29 ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த மக்கள் வங்கி வரும். இலங்கை வங்கி, தேசிய சேமிப்பு வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கி ஆகியனவும் வரும். நிதி அமைச்சு சொல்லவே தேவையில்லை.

தனியார் வங்கிகளும் நுண்கடன் கம்பனிகளும் நேரடியாக உள்ளே வருவதில்லை. இங்கேதான் பலர் திரும்பிப் போய்விடுகிறார்கள். ஆனால் சட்டத்தின் 3 ஆம் பிரிவைக் கவனமாக வாசிக்க வேண்டும். ஒரு பகிரங்க அதிகாரசபையின் உடைமையில், பாதுகாப்பில் அல்லது கட்டுப்பாட்டில் இருக்கும் தகவலைப் பெற உரிமை உண்டு என்கிறது அது. அந்தத் தகவலை முதலில் உண்டாக்கியவர் யார் என்பது கேள்வியல்ல. தனியார் வங்கி மத்திய வங்கிக்கு அனுப்பிய அறிக்கை மத்திய வங்கியின் கையில் இருக்கிறது. ஆகவே வாசல் கம்பனியில் இல்லை, அதைக் கண்காணிப்பவரிடம் இருக்கிறது. வன்னிக்கு அந்த வாசல் தூரமும் இல்லை. மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் ஒன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது.

'காலத்துக்கு முந்தி' என்ற ஒரு சொல்

வங்கி விடயத்தில் தகவல் மறுக்கப்படும்போது அதிகம் காட்டப்படக்கூடியது 5(1)(இ) என்ற விதிவிலக்கு. அதைப் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். நாணயமாற்று வீதம், வங்கித் தொழிலையும் கடனையும் ஒழுங்குபடுத்தல், வரி, விலைக்கட்டுப்பாடு என்று ஒரு பட்டியலே அதில் உண்டு. வங்கி என்ற சொல்லைக் கண்டதும் "பார்த்தீங்களா, தரேலாது என்று சட்டமே சொல்லுது" என்று கடிதத்தை மூடிவிடலாம்.

ஆனால் அந்த வாசகத்தில் இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, தகவல் வெளிவருவதால் நாட்டின் பொருளாதாரத்துக்குப் பாரதூரமான பாதிப்பு ஏற்பட வேண்டும். இரண்டு, அந்தப் பாதிப்பு கொள்கையை மாற்றும் அல்லது தொடரும் தீர்மானத்தைக் காலத்துக்கு முந்தி வெளியிடுவதால் வருவதாக இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனையில்தான் விடயமே இருக்கிறது.

ஓர் உதாரணம். மத்திய வங்கி நாளைக்கு வட்டி வீதத்தைக் கூட்டப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை இன்றைக்கே ஒருவருக்குச் சொன்னால் அவர் அதை வைத்துப் பணம் பண்ணிவிடுவார். அதை மறைப்பது நியாயம். ஆனால் தீர்மானம் அறிவிக்கப்பட்டு, பணம் செலவாகி, திட்டமும் முடிந்த பிறகு அதன் கணக்கைக் கேட்டால், அதில் காலத்துக்கு முந்தியது என்ன இருக்கிறது? பூட்டு நாளைய தீர்மானத்துக்கு மட்டும்தான். நேற்றைய கணக்குக்கு அந்தப் பூட்டு இல்லை.

இதோடு இன்னும் இரண்டு பிரிவுகளை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். 4 ஆம் பிரிவின்படி வேறு எந்தச் சட்டத்தோடு முரண்பட்டாலும் தகவலறியும் உரிமைச் சட்டமே மேலோங்கும். ஆகவே 'வங்கி இரகசியம்' என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நழுவ முடியாது, இந்தச் சட்டத்தின் விதிவிலக்கு ஒன்றைக் காட்டித்தான் மறுக்க வேண்டும். 5(4) ஆம் பிரிவின்படி விதிவிலக்கு பொருந்தினாலும், வெளியிடுவதால் வரும் பொதுநலன் தீங்கைவிடப் பெரிதாக இருந்தால் தகவலைக் கொடுத்தே ஆக வேண்டும்.

பக்கத்து நாட்டில் இந்தச் சண்டை கடைசிவரை நடந்தது. வங்கிகளைப் பரிசோதித்த அறிக்கைகளையும் கடன் கட்டாத பெரிய புள்ளிகளின் விபரத்தையும் சாதாரணக் குடிமக்கள் கேட்டபோது, தங்களுக்கும் வங்கிகளுக்கும் இடையே நம்பிக்கைப் பொறுப்பு உறவு இருப்பதாகச் சொல்லி இந்திய ரிசர்வ் வங்கி மறுத்தது. 2015 டிசம்பர் 16 இல் ஜயந்திலால் மிஸ்திரி வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. ரிசர்வ் வங்கி கடமைப்பட்டிருப்பது பொதுமக்களுக்கும் வைப்பாளருக்கும் நாட்டின் பொருளாதாரத்துக்குமே தவிர, தனித்தனி வங்கிகளின் இலாபத்துக்கு அல்ல என்பதே அத்தீர்ப்பின் சாரம். அது நமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் மேன்முறையீட்டில் எடுத்துக்காட்ட நல்ல துணை.

முதலாவது கேள்வி: 2018 நுண்கடன் நிவாரணம்

போருக்குப் பிறகு வன்னிக்குள் வீதி வந்தது, மின்சாரம் வந்தது, கூடவே கிழமைக் கடனும் வந்தது. குழுவாகச் சேர்ந்தால் பிணை தேவையில்லை, காணி உறுதி தேவையில்லை, வீட்டு வாசலுக்கே ஆள் வருவார். கணவரை இழந்த, காணாமலாக்கப்பட்டவரைத் தேடிக்கொண்டிருந்த பெண்கள் இதில் அதிகம் அகப்பட்டார்கள். ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுத்தார்கள். 2018 செப்டெம்பரில் இலங்கை வந்த ஐக்கிய நாடுகளின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, நுண்கடன் வசூலிப்பில் பெண்கள் அனுபவிக்கும் துன்புறுத்தலைப் பகிரங்கமாகவே எடுத்துச் சொன்னார்.

அதே 2018 இல் அரசு ஒரு நிவாரணத்தை அறிவித்தது. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், 1 இலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நுண்கடன் எடுத்து மூன்று மாதத்துக்கு மேல் கட்ட முடியாமல் இருந்த பெண்களின் கடன் நீக்கப்படும் என்றது. கம்பனிகளுக்கு முதலை நிதி அமைச்சு கொடுக்கும் என்பது ஏற்பாடு. பின்னர் மத்திய வங்கி தனது கண்காணிப்பில் உள்ள நிறுவனங்களின் நுண்கடனுக்கு வருடம் 35 வீதம் என்ற உச்ச வட்டியையும் விதித்தது.

இது அறிவிக்கப்பட்டு நிறைவேற்றப்பட்ட ஒரு கொள்கை. பொதுப்பணம் தனியார் கம்பனிகளுக்குப் போயிருக்கிறது. ஆகவே நிதி அமைச்சிடம் இப்படிக் கேட்கலாம்: கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஒவ்வொன்றிலும் எத்தனை பெண்களின் கடன் நீக்கப்பட்டது? ஒவ்வொரு கம்பனிக்கும் எவ்வளவு பணம், எந்தத் திகதியில் கொடுக்கப்பட்டது? கம்பனிகள் தந்த பெயர்ப்பட்டியலைச் சரிபார்த்தது யார், அதற்கான சுற்றறிக்கையின் பிரதி எங்கே? மத்திய வங்கியிடம் வேறொன்று கேட்கலாம்: 35 வீத வரம்பை மீறியதாக இந்த மூன்று மாவட்டங்களிலிருந்து எத்தனை முறைப்பாடு வந்தது, எத்தனைக்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது?

2016 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நுண்நிதிச் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்ற கம்பனிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. கிராமத்துக்குள் வருகிறவர்கள் அதைவிட அதிகம். உங்கள் வாசலுக்கு வரும் நிறுவனம் அனுமதி பெற்றதா என்ற ஒரேயொரு கேள்விக்கு எழுத்தில் கிடைக்கும் பதில்கூட ஒரு மாதர் சங்கத்துக்குப் பெரிய ஆயுதம்.

இரண்டாவது கேள்வி: வன்னியின் பணம் எங்கே போகிறது?

போர் முடிந்த கையோடு வன்னியில் வங்கிக் கிளைகள் வரிசையாகத் திறக்கப்பட்டன. வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் பணம், நெல் விற்ற பணம், சம்பளம், ஓய்வூதியம் எல்லாம் அங்கே வைப்பாகிறது. அந்த வைப்பில் எவ்வளவு அதே மாவட்டத்துக் கமக்காரருக்கும் மீனவருக்கும் கடையாளருக்கும் கடனாகத் திரும்பி வருகிறது? 100 ரூபா சேமிப்பில் 80 ரூபா உள்ளூரில் கடனாகிறதென்றால் கிளை அந்த ஊருக்கு வேலை செய்கிறது. 20 ரூபாதான் ஆகிறதென்றால், வன்னியின் சேமிப்பு வேறெங்கோ கட்டடமாக எழும்புகிறது.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி மாவட்ட வாரியாக வைப்பையும் கடனையும் காலாண்டுதோறும் வெளியிடுகிறது. பின்தங்கிய மாவட்டத்தவர்கள் அதைக் காட்டித்தான் வங்கிகளோடு வாதாடுகிறார்கள். நாமும் இலங்கை வங்கி, மக்கள் வங்கி, பிரதேச அபிவிருத்தி வங்கியிடம் மூன்று மாவட்டக் கிளைகளின் மொத்த வைப்பு, மொத்தக் கடன் ஆகியவற்றை வருட வாரியாகக் கேட்கலாம். கடனை அடகு, விவசாயம், வியாபாரம், வீடு என்று பிரித்துத் தரும்படியும் கேட்க வேண்டும். ஏனெனில் மொத்தக் கடன் பெரிதாகத் தெரிந்து, அதில் பாதி நகை அடகாக இருந்தால், அது முதலீடல்ல, முடை.

வணிக இரகசியம் என்று மறுக்கக்கூடும். அதனால்தான் தனித்தனிக் கிளையாகக் கேட்காமல் மாவட்ட மொத்தமாகக் கேட்பது புத்தி. மொத்தத் தொகை எந்த வங்கியின் போட்டிக்கும் தீங்கு செய்யாது.

மூன்றாவது கேள்வி: விட்டுவிட்டு வந்த சேமிப்புப் புத்தகம்

இது நேரடியாக நம் சமூகத்தைத் தொடுவது. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, முல்லைத்தீவு, தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற இடங்களிலிருந்து வந்த பலர் காணி உறுதியையும் வங்கிப் புத்தகத்தையும் வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். புத்தளத்து முகாம்களில் அவர்களுக்கு வயதானது, பலர் மௌத்தாகிவிட்டார்கள்.

1988 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தில் 'கைவிடப்பட்ட சொத்து' என்று ஒரு பகுதி உண்டு. 10 வருடம் கொடுக்கல் வாங்கல் எதுவும் இல்லாத கணக்கு அந்த வகைக்குள் வந்து, பணம் மத்திய வங்கிக்கு மாற்றப்படும். உரிமையாளரோ வாரிசோ பின்னர் உரிமை கோரலாம். சாதாரண காலத்துக்கு இது நல்ல விதி. ஆனால் கணக்கைச் சரித்துப் பாருங்கள். 1990 இல் வெளியேற்றப்பட்டவரின் கணக்குக்கு 10 வருடம் 2000 இல் முடிகிறது. ஏ9 வீதி திறந்ததோ 2002 இல். வங்கிக்குப் போக வழியே இல்லாதவர் எப்படிக் கணக்கைக் 'கைவிட்டவர்' ஆவார்? அது கைவிட்ட சொத்தா, கைவிட வைக்கப்பட்ட சொத்தா?

2009 இல் முள்ளிவாய்க்கால்வரை போய் வந்த தமிழ் மக்களுக்கும் இதே கேள்வி உண்டு. இது இரண்டு சமூகமும் சேர்ந்து கேட்கக்கூடிய ஒன்று. அரச வங்கிகளிடமும் மத்திய வங்கியிடமும் கேட்க வேண்டியவை இவை: முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியாக் கிளைகளிலிருந்து இவ்வாறு மாற்றப்பட்ட கணக்குகள் எத்தனை, மொத்தத் தொகை எவ்வளவு? இடம்பெயர்ந்தோருக்கு அறிவித்தல் எந்த முகவரிக்கு அனுப்பப்பட்டது? போர்க்கால மாவட்டங்களுக்கு விசேட சுற்றறிக்கை ஏதும் இருந்ததா, இருந்தால் அதன் பிரதி? உரிமை கோருவதற்கான நடைமுறை என்ன?

கடனை எழுதி வைக்கும்படி விரிவாகச் சொல்லும் அல்பகரா 282 தான் குர்ஆனின் மிக நீண்ட வசனம். எழுத்தும் சாட்சியும் பலவீனருக்கான பாதுகாப்பு என்று அறிந்த சமூகம் நாம். புத்தகம் தொலைந்தாலும் வங்கியின் பேரேட்டில் எழுத்து இருக்க வேண்டும். அதைக் கேட்பதில் வெட்கமில்லை.

நான்காவது கேள்வி: வட்டி வேண்டாம் என்பவருக்கு என்ன வழி?

நெல்லுக்கும் மறுபயிருக்கும் அரசு ஆதரவோடு வழங்கப்படும் செய்கைக் கடன்களில் வட்டியின் ஒரு பகுதியை அரசு ஏற்கிறது. அந்தப் பணம் எல்லோருடைய வரியிலிருந்தும் வருவது. ஆனால் வட்டியே வேண்டாம் என்றிருக்கும் ஒரு முஸ்லிம் கமக்காரர் அந்தச் சலுகையைத் தொட முடியாது. அவர் காலபோகத்துக்கு நகையை விற்பார், அல்லது வியாபாரியிடம் அறுவடைக்கு முன்பே நெல்லை விலை பேசிவிடுவார்.

2005 ஆம் ஆண்டின் வங்கித்தொழில் திருத்தச் சட்டம் இலாப, நட்டப் பகிர்வு முறைக்கு வழி திறந்தது. இலங்கை வங்கியிடம் 'அந்நூர்' என்ற இஸ்லாமிய வங்கிப் பிரிவும் உண்டு. ஆகவே கேள்வி எளிது: அரசு சலுகை கொடுக்கும் விவசாயக் கடன் திட்டங்களில் வட்டியற்ற முறையில் வழங்க ஏதாவது ஏற்பாடு எழுத்தில் உண்டா? உண்டென்றால் வன்னி மூன்று மாவட்டங்களில் எத்தனை பேருக்கு வழங்கப்பட்டது? 'இல்லை' என்று பதில் வந்தாலும் நட்டமில்லை. பாராளுமன்ற உறுப்பினரிடமும் அமைச்சிடமும் கோரிக்கை வைக்க அந்த ஒரு வரி போதும்.

எப்படிக் கேட்பது?

தகவலறியும் உரிமைச் சட்டத்தில் கேள்வி கேட்பது ஒரு கலை. 'ஏன் எங்களைப் புறக்கணிக்கிறீர்கள்?' என்று கேட்டால் பதில் வராது, ஏனெனில் அது தகவல் அல்ல. எண்ணிக்கை, திகதி, தொகை, சுற்றறிக்கை, கூட்டக் குறிப்பு, பட்டியல் என்று பதிவில் இருக்கும் ஒன்றைக் கேட்க வேண்டும். தனிநபர் பெயர் கேட்கக் கூடாது. கேட்டால் அந்தரங்கம் என்ற விதிவிலக்கு உடனே வரும், வருவதும் நியாயம். எந்தக் காலப்பகுதி, எந்த மாவட்டம் என்று சொல்ல வேண்டும். ஒரு கடிதத்தில் நான்கைந்து கேள்விக்கு மேல் வேண்டாம்.

- தமிழிலேயே எழுதலாம். எழுத முடியாதவர் வாயால் சொன்னால் தகவல் அலுவலர் எழுதிக்கொள்ள வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை.
- தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். தகவல் அதிகம் என்றால் மேலதிகமாக 21 நாட்கள்வரை எடுக்கலாம், அதற்கான காரணத்தை அறிவிக்க வேண்டும்.
- மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு. அவருக்கு மூன்று வாரம்.
- அங்கும் சரிவராவிட்டால் இரண்டு மாதத்துக்குள் கொழும்பிலுள்ள தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவுக்கு. அங்கே சட்டப்படி நடந்தோம் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது, உங்களுடையதல்ல.

கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, துண்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மறுப்புக் கடிதத்தையும் எறிய வேண்டாம். எந்தப் பிரிவின் கீழ் மறுக்கிறோம் என்று அவர்கள் எழுத வேண்டும். அந்த வரிதான் மேன்முறையீட்டின் அடித்தளம்.

இன்னொரு முக்கிய விடயம். வன்னியில் தனியாளாகக் கேட்கப் பலருக்குத் தயக்கம் உண்டு. கேட்டவர் யார், எந்த ஊர் என்று விசாரிக்க ஆள் வருமோ என்ற பயம் இன்னும் போகவில்லை. சட்டம் இதற்கொரு வழி வைத்திருக்கிறது. 'பிரஜை' என்ற சொல்லுக்குள், உறுப்பினர்களில் முக்கால் பங்கினராவது இலங்கைப் பிரஜைகளாக இருக்கும் சங்கங்களும் அடங்கும், பதிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும். ஆகவே பள்ளிவாசல் பரிபாலன சபை, கமக்காரர் அமைப்பு, மீனவர் சங்கம், மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் எதுவும் தன் பெயரில் கேட்கலாம். ஒருவரின் தலையில் பாரம் விழாது.

எதை எதிர்பார்க்கலாம்?

அதிகம் எதிர்பார்த்து ஏமாறவும் கூடாது. சொத்து விபரம் சமர்ப்பித்த பாராளுமன்ற உறுப்பினர்களின் பெயர்ப்பட்டியலை 2018 இல் ஓர் ஊடகவியலாளர் கேட்டார். பாராளுமன்றம் மறுத்தது, ஆணைக்குழு கொடுக்கச் சொன்னது, பாராளுமன்றம் மேன்முறையீட்டு நீதிமன்றம் போனது. கேட்டவர் பக்கம் தீர்ப்பு வந்தது 2023 பெப்ரவரியில். வெறும் பெயர்ப்பட்டியலுக்கே இவ்வளவு காலம். வங்கிக் கணக்கு அதைவிட இலகுவாக வந்துவிடாது. தகவல் கிடைத்தாலும் அது கடனைத் தள்ளுபடி செய்யாது, கொள்கையை மாற்றாது. மாற்றக் கேட்பதற்கு ஆதாரத்தைத் தரும், அவ்வளவுதான்.

ஆனால் அந்த ஆதாரம் இல்லாமல்தான் இத்தனை வருடமும் பேசி வந்திருக்கிறோம். 'எங்களுக்குக் கடன் தாரதில்லை' என்று கூட்டத்தில் ஒருவர் எழும்பிச் சொன்னால், 'அப்படியொன்றுமில்லை' என்று மேடையிலிருந்து பதில் வரும். இரண்டும் வெறும் வாய்ப்பேச்சு. கையில் வங்கியின் முத்திரை குத்திய தாள் இருந்தால் பேச்சின் நிறை வேறு.

மேலே சொன்ன நான்கில் மூன்றாவதை முதலில் தொடங்கலாம் என்பது என் யோசனை. பழைய சேமிப்புப் புத்தகமோ, கிளையின் பெயரோ, கணக்கிலக்கமோ நினைவிருக்கும் மூத்தவர்கள் புத்தளத்திலும் வன்னியிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். பள்ளிவாசல் சபைகள் அவர்களிடமிருந்து கிளை, ஆண்டு ஆகியவற்றை மட்டும் குறித்தெடுத்து, சபையின் பெயரில் ஒரு கடிதம் எழுதட்டும். வாரிசுகள் உரிமை கோருவதற்கு அந்தப் பதில் உதவும். மற்ற மூன்றுக்கும் காத்திருக்கலாம், அவற்றின் பதிவுகள் அலுவலகத்தில் இருக்கும். இந்த மூத்தவர்களின் நினைவு எந்த அலுவலகத்திலும் இல்லை.